பிரிக்க வராத பாக்கெட்டுகள்: பெரம்பூர் சமையலறையிலிருந்து ஒரு விமர்சனம்

பெரம்பூர் பக்கம் வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளில் சமையலறை மேடையைக் கவனித்துப் பாருங்கள். கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் தொங்கும். அது துணிக்கும் இல்லை, காய்க்கும் இல்லை. பால் கவர், எண்ணெய் பாக்கெட், மசாலா பாக்கெட், பிஸ்கட், மாத்திரை அட்டை எல்லாத்துக்கும் அதுதான் சாவி. கத்தரிக்கோலைக் காணவில்லை என்றால் கத்தி. கத்தியும் பிடிக்க பயம் என்றால் பல். பல்லும் போய்விட்டால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதுதான்.

இது கைவேலை தெரியாதவர்கள் வாழும் ஊர் இல்லை. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் இங்கேதான் தொடங்கியது. கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் அதற்கும் முன்னாலேயே இருந்தவை. பின்னி மில் 1996-ல் மூடும்வரை ஏரியாவில் வீட்டுக்கு வீடு மில் தொழிலாளி. வெல்டிங் பிடித்த கையும் தறி ஓட்டிய கையும் இங்கே பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட கை ஒரு சின்ன ஷாம்பு பாக்கெட்டிடம் தோற்றுப்போகிறது என்றால் கோளாறைக் கையில் தேடக்கூடாது, பாக்கெட்டில் தேட வேண்டும்.

நம் நாட்டில் ஒரு பாக்கெட்டின் வேலை கடையில் காசு கொடுத்த நிமிஷத்தோடு முடிந்துவிடுகிறது. உள்ளே இருப்பது கெடக்கூடாது, கொட்டக்கூடாது, யாரும் கலப்படம் செய்யக்கூடாது, அலமாரியில் பளிச்சென்று தெரிய வேண்டும். இவ்வளவையும் யாரோ ஒருவர் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து அதைப் பிரிக்கப்போகிறவர் மட்டும் யாருடைய கணக்கிலும் வரவில்லை. அந்தக் கணக்கை முதலில் திருத்த வேண்டியது தனியார் கம்பெனிகள் என்று எல்லோரும் சொல்வார்கள். அரசாங்கம்தான் முதலில் திருத்த வேண்டும் என்பது என் வாதம். காரணத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கையும் கண்ணும்

வயதானால் பிடி தளரும், இது எல்லோருக்கும் தெரியும். பாக்கெட் விஷயத்தில் முக்கியமானது முழுக்கைப் பிடி இல்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கிற கிள்ளுப்பிடி. மூட்டுவாதம் வந்தால் அதுதான் வலிக்கும். விரல் நுனித் தோல் காய்ந்துபோவதால் வழவழப்பான கவர் வழுக்கும். ரொம்ப நாள் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு விரல் நுனியில் உணர்ச்சியே குறைந்துவிடும். பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாது. கை நடுக்கம் இருந்தால் கிழிக்கிற வேகத்தில் பாதி தரையில்.

கண் இன்னொரு கதை. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்ப்பது சிரமமாகும். அதற்குப் பிறகு கண்ணின் வில்லை மெதுவாக மஞ்சள் பூக்கும். நீலம், ஊதா, பச்சை இவற்றுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் மங்கும். புரை வளர்ந்தால் வெளிர் பின்னணியில் வெளிர் எழுத்து கரைந்தே போகும்.

இப்போது பாக்கெட்டைப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் கிழிய ஒரு தொடக்கம் வேண்டும். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் இழுக்கிற பலமெல்லாம் அந்தப் புள்ளியில் சேர்ந்து சட்டென்று கிழியும். வெட்டு இல்லை என்றால் தாள் நீளும், சுருங்கும், கிழியாது. அந்த வெட்டுக்குத் தனியாகப் பொருள் செலவு கிடையாது, மெஷினில் கத்தி எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். ஆனாலும் சில பாக்கெட்டில் வெட்டே இல்லை. சிலதில் இருக்கிறது, ஆனால் ஒட்டின பகுதிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, கிழித்தாலும் திறக்காது. சிலதில் எங்கே இருக்கிறது என்று தேடவே கண்ணாடி போட வேண்டும்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. சின்ன பாக்கெட்டில் பொருளை விற்கும் யோசனையை இந்தியாவில் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அந்தக் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு வந்தது. மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொடங்கிய தொழிலிலிருந்து சிக் ஷாம்பு வந்தது. பணக்காரர் வாங்குகிற பொருளைக் கூலி வேலை செய்பவரும் வாங்க வேண்டும் என்பது அந்த யோசனையின் உயிர். அது பெரிய விஷயம், அதில் சந்தேகம் இல்லை. ஒரு பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்குள் ஷாம்புவைக் கொண்டுபோனது அந்தச் சின்ன பாக்கெட்தான். விலை என்ற கதவு திறந்தது. கை என்ற கதவு மட்டும் நாற்பது வருஷமாக அப்படியே மூடிக் கிடக்கிறது. குளியலறையில் கண்ணாடி இல்லாமல், ஈரக்கையோடு, ஒற்றைக் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எழுபது வயதுக்காரரை மனதில் வைத்து அந்த பாக்கெட்டை யாரும் திரும்ப வரைந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

கசகசா அளவு எழுத்து

பாக்கெட்டில் என்ன எழுத வேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள்கள் விதிகள், 2011. தயாரித்தவர் பெயர், நிகர எடை, தேதி, எம்.ஆர்.பி., புகார் சொல்ல ஒரு தொடர்பு எல்லாம் இருந்தே ஆக வேண்டும். எழுத்து எவ்வளவு உயரம் என்பதும் உண்டு: குறைந்தது 1 மில்லிமீட்டர். எண்களுக்கு பாக்கெட் பெரிதாகப் பெரிதாக உயரமும் கூடும்.

1 மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு கசகசா. அந்த உயரத்தில் ஆங்கில எழுத்தைத் திணித்தால் இளவட்டக் கண்ணுக்காவது தெரியும். தமிழை அச்சடித்தால் ண-வின் சுழி அடைத்துக்கொள்ளும், ன-வா ண-வா தெரியாது, புள்ளி காணாமல் போகும். நம் எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பது அச்சகத்தில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் அந்தப் பிரச்சினையே பெரும்பாலும் வருவதில்லை. ஏனென்றால் விதிப்படி இந்த விவரங்கள் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் இருந்தால் போதும். வேறு மொழியையும் சேர்த்துக்கொள்ளத் தடை இல்லை, அவ்வளவுதான். உணவு லேபிள் விதிகளும் இதே வழிதான். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு ஆயாவுக்கு, கண் நன்றாக இருந்தாலும், 'எப்போதுக்குள் சாப்பிட வேண்டும்' என்ற வரி இல்லாததற்குச் சமம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த 2011 விதிகள் எடையைப் பற்றிப் பேசுகின்றன, விலையைப் பற்றிப் பேசுகின்றன, எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று கூடப் பேசுகின்றன. அந்த பாக்கெட் திறக்க வர வேண்டும் என்று மட்டும் பேசவில்லை.

விதி நினைத்தால் முடியாதது இல்லை. உணவுப் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்கு பிரவுன் வட்டம் என்றுதான் ரொம்ப நாள் இருந்தது. இரண்டும் வட்டம், நிறம் மட்டும் வேறு. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றே. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றின. ஒரு வட்டத்தை முக்கோணமாக்கியதால் யாருக்கும் நஷ்டம் வரவில்லை. எத்தனையோ பேருக்கு லேபிள் படிக்க வந்தது.

மாத்திரை அட்டை என்கிற புதிர்

ஷாம்பு பிரிக்க வராவிட்டால் சீயக்காய் போட்டுக் குளிக்கலாம். மாத்திரை பிரிக்க வராவிட்டால்? கேள்வி அங்கேதான் கனக்கிறது.

பெரம்பூரில் எந்த மெடிக்கல் வாசலிலும் சாயங்காலம் கேட்கிற பேச்சு இது:

"தம்பி, போன மாசம் ரோஸ் கலர்ல குடுத்தியே, இது இன்னாப்பா வெள்ளையா கீது?"

"அதே மாத்திரைதான் ஆயா, கம்பெனி வேற. காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு."

கடைக்காரத் தம்பி சொல்வது சரிதான். ஆயாவின் சந்தேகமும் சரிதான். படிக்க முடியாத அட்டையில் அவருக்கு இருக்கிற ஒரே அடையாளம் நிறமும் வடிவமும். அமெரிக்காவில் ஆரோன் கெசல்ஹைம் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு, மாரடைப்புக்குப் பிறகு மருந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்தது. மாத்திரையின் நிறம் மாறிய பிறகு அதை நிறுத்திவிடும் வாய்ப்பு விகிதம் 34 விழுக்காடும், வடிவம் மாறிய பிறகு 66 விழுக்காடும் கூடியிருந்தது. உள்ளே மருந்து அதேதான். மாறியது தோற்றம் மட்டும்.

பாதி அட்டை வாங்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மாத்திரை வாங்கக் காசு இல்லாதபோது நான்கு வெட்டித் தருவார்கள். மருந்தின் பெயர் ஒரு துண்டில், எக்ஸ்பைரி தேதி இன்னொரு துண்டில். தேதி இருக்கிற துண்டு கிடைத்தாலும் அலுமினியத் தாளில் மை இல்லாமல் அழுத்திப் பதித்திருப்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் அது ஒரு பளபளப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு மாத்திரைக்கும் தனியாகக் கிழிக்கிற மாதிரி துளைக்கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் தேதி அச்சடிக்கலாம் என்ற யோசனை 2023-ல் நுகர்வோர் விவகாரத் துறை வட்டாரத்தில் பேசப்பட்டது. நல்ல யோசனை. அதே வருஷம் ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது வேறொன்று: 300 மருந்து பிராண்டுகளுக்குக் கட்டாயக் கியூ.ஆர். கோடு. போலி மருந்தைப் பிடிக்க அது உதவும். ஆனால் பட்டன் போன் வைத்திருக்கிறவருக்கு எக்ஸ்பைரி தேதி இப்போது போனுக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டது.

கொடுமையிலும் கொடுமை கண் சொட்டு மருந்து. புரை ஆபரேஷன் முடிந்து வருகிறவருக்குக் கொடுக்கிற அந்தக் குட்டி பாட்டிலில் பல வகைக்கு வாய் மூடியே இருக்கும். மூடியின் உள்ளே ஒரு முள் உண்டு. மூடியை அழுத்தித் திருகினால் அது வாயைத் துளைக்கும். இந்த ரகசியம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். படிக்க வேண்டியவர் யார்? கண் கட்டு அவிழ்த்த மறுநாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர். அதனால் சேஃப்டி பின்னால் குத்துகிறார்கள். ஊசி எங்கே இருந்ததோ அந்த அழுக்கு கண்ணுக்குப் போகிறது. ஓட்டை பெரிதாகி ஒரு சொட்டுக்குப் பதில் மூன்று விழுகிறது.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைப் பாராட்டாமல் விடக்கூடாது. மெடிக்கலில் மாத்திரை போட்டுத் தருகிற சின்னக் காகிதக் கவர் பார்த்திருப்பீர்கள்: காலை, மதியம், இரவு என்று தமிழில் அச்சடித்து, பேனாவால் டிக் போட இடம் விட்டது. மலிவான காகிதம், பெரிய எழுத்து, நம் மொழி, விரலால் பிரிக்க வரும். நான் பார்த்தவரையில் வயதானவர்களுக்கு நம் ஊரில் கிடைக்கிற மிகச் சிறந்த பேக்கிங் அதுதான். அதை வடிவமைத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

மற்ற ஊர்களில் கணக்கு எப்படி வந்தது

அமெரிக்காவில் 1970-ல் ஒரு சட்டம் வந்தது. குழந்தைகள் மாத்திரையைத் தின்று சாவதைத் தடுக்க, குழந்தை திறக்க முடியாத மூடி. நல்ல நோக்கம். ஆனால் பெரியவர்களால் திறக்க வருகிறதா என்று சோதித்தபோது எடுத்துக்கொண்டது 18 முதல் 45 வயது ஆட்களை. பாட்டி தாத்தாக்களுக்குத் திறக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? மூடியைத் திறந்தே வைத்தார்கள், அல்லது வேறு டப்பாவுக்கு மாற்றினார்கள். பேரன் கைக்கு மாத்திரை எட்டியது. கிழவர்களை மறந்த மூடி குழந்தையையும் காப்பாற்றவில்லை. 1995-ல் விதியைத் திருத்தினார்கள்: சோதனைக்கு 50 முதல் 70 வயதுள்ள 100 பேர், முதல் தடவை 5 நிமிஷம், அடுத்த தடவை 1 நிமிஷம், 90 விழுக்காடு பேருக்காவது திறந்து மூட வர வேண்டும்.

ஜப்பானில் காவோ நிறுவனம் 1991-ல் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரிவரியாகப் பள்ளம் வைத்தது. தலையில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதும் எது ஷாம்பு எது கண்டிஷனர் என்று தடவியே தெரிந்துகொள்ளலாம். 2000-ல் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற பேக்கிங்குக்கு ஜப்பான் ஒரு தேசியத் தரமே வெளியிட்டது. எளிதாகத் திறக்கிறதா என்று சோதிக்க 2015-ல் உலகத் தர அமைப்பும் ஒரு தரம் கொண்டுவந்தது: ஐ.எஸ்.ஓ. 17480. ஆக, திறப்பதை அளக்க முடியாது என்று யாரும் இனிமேல் சொல்ல முடியாது. அளவுகோல் கடையில் இருக்கிறது, நாம் வாங்கவில்லை.

நம் சட்டத்திலும் ஒரு கொக்கி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 43: எல்லோரும் பயன்படுத்தத்தக்க வடிவமைப்புள்ள நுகர்பொருள்களின் உற்பத்தியையும் விநியோகத்தையும் ஊக்குவிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் உள்ளே இருக்கும் பொருளை மட்டும் எப்படிப் பயன்படுத்துவது?

அரசே போடுகிற மூன்று பாக்கெட்டுகள்

இப்போது முதலில் சொன்ன வாதத்துக்கு வருகிறேன். பெரம்பூரில் ஒரு முதியவர் வீட்டுக்குள் வருகிற பாக்கெட்டுகளை எண்ணுங்கள். விடிந்ததும் ஆவின் பால். மாதம் ஒருமுறை ரேஷன் கடை பாமாயில், ஒரு லிட்டர் 25 ரூபாய். பிபிக்கும் சுகருக்கும் அரசு மாத்திரை, 2021 ஆகஸ்டுக்குப் பிறகு மக்களைத் தேடி மருத்துவம் மூலமாக வீட்டு வாசலுக்கே. மூன்றுமே அரசு கை வழியாக வருகிறவை. அதாவது அரசு வெறும் விதி போடுகிற இடத்தில் மட்டும் இல்லை, பாக்கெட் போடுகிற இடத்திலும் இருக்கிறது.

ஆவினை எடுத்துக்கொள்வோம். 'சமன்படுத்திய பால்' என்று கேட்டு வாங்குகிறவரை நான் பார்த்ததில்லை. நீலம் ஒண்ணு, பச்சை ஒண்ணு, ஆரஞ்சு ஒண்ணு, இப்படித்தான் கேட்பார்கள். படிக்காதவருக்கும் கண் மங்கியவருக்கும் நிறமே பெயர். 3 விழுக்காடு கொழுப்பு நீலம், 4.5 பச்சை, 6 ஆரஞ்சு. 2023 நவம்பரில் பச்சையை நிறுத்திவிட்டு 3.5 விழுக்காடு கொழுப்புள்ள ஊதா நிற டிலைட்டைக் கொண்டுவர முனைந்தபோது சண்டை முழுக்கக் கொழுப்பையும் விலையையும் பற்றியே நடந்தது. அது நியாயமான சண்டைதான். ஆனால் மஞ்சள் பூத்த வில்லை வழியாக, விடியற்கால மங்கல் வெளிச்சத்தில், நீலத்துக்குப் பக்கத்தில் ஊதாவை எப்படிப் பிரித்தறிவது என்று கேட்க ஆள் இல்லை. நிறத்தோடு ஒரு வடிவத்தையும் பெரிதாக அச்சடித்தால் தீர்ந்தது: ஒன்றுக்கு வட்டம், ஒன்றுக்குப் பட்டை, ஒன்றுக்கு நட்சத்திரம்.

பாமாயில் பாக்கெட் வழுக்கும், வெட்டினால் பீறிடும், பாட்டிலில் ஊற்றும்போது சிந்தும். வயதானவர் வீட்டுத் தரையில் எண்ணெய் என்றால் இடுப்பெலும்பு. ஒரு மூலையில் கிழிக்கும் வெட்டும், அங்கே குறுகலாக மூக்கு மாதிரி ஒரு வடிவமும் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

மாத்திரைக்கு வழி இன்னும் நேரடி. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கு டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. திருட்டுப் போகாமல் இருக்க அட்டையில் அரசுச் சின்னம் அச்சடிக்கச் சொல்லி, கம்பெனிகளும் அச்சடித்துத் தருகின்றன. ஆக, டெண்டர் சொன்னால் அட்டை மாறும் என்பது நிரூபணமான விஷயம். அதே டெண்டரில் நான்கு வரி சேர்க்கலாம். மருந்தின் பெயர் தமிழிலும், கண்ணுக்குத் தெரியும் அளவில். பிபி மாத்திரைக்கு இதயப் படம் மாதிரி, எதற்கான மருந்து என்று ஒரு குறி. எந்தக் கம்பெனி சப்ளை செய்தாலும் மாறாத குறி. ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் மையில் எக்ஸ்பைரி தேதி. பேனா எழுதும்படி பளபளப்பு இல்லாத ஒரு வெள்ளைக் கட்டம், பக்கத்தில் சூரியன், நிலா; மருந்து கொடுக்கிறவர் டிக் போட. மெடிக்கல் காகிதக் கவரின் புத்தியை அட்டைக்கு மாற்றுவதுதான் இது.

எதிர்வாதம் உண்டு. பேக்கிங் பலவீனமானால் கலப்படம் வரும், சென்னையின் ஈரக்காற்றில் மாத்திரை கெடும், பால் லாரியிலேயே உடையும். எல்லாம் உண்மை. பழைய நியூஸ்பேப்பர் பொட்டலம் நூலை இழுத்தால் பிரியும். அதில் தேதியும் இல்லை, கலப்படத்துக்குக் காவலும் இல்லை. அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. பாக்கெட் எல்லா இடத்திலும் கெட்டியாக இருக்கட்டும், ஒரு இடத்தில் மட்டும் கிழியட்டும். அந்த ஒரு இடம் எது என்று கண்ணாடி போடாமல் தெரியட்டும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காடு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளாவுக்கு அடுத்து நாம்தான். ஏழு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஓ.எம்.ஆர். பக்கமோ பெங்களூருவிலோ இருக்க, இங்கே தனியாகச் சமாளிக்கிறவர்களுக்கு ஒரு பாக்கெட்டைத் தானாகப் பிரிக்க முடிவது சௌகரியம் என்ற சொல்லுக்குள் அடங்காது. இன்னும் யார் தயவும் இல்லாமல் இருக்கிறேன் என்ற தைரியம் அதில்தான் இருக்கிறது.

அடுத்த டெண்டர் ஆவணம் எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மாதிரி அட்டை வந்ததும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவீர்கள், அனுப்புங்கள். கூடவே பத்து அட்டையை பெரம்பூரில் பென்ஷன் வாங்குகிற பத்து பேரிடம் கொடுங்கள். கத்தரிக்கோலை மட்டும் கொடுக்காதீர்கள்.